காலியான முன் சீட்டு

மகனே,

நீ இதைப் படிக்கும்போது உன் குரல் உடைந்து கனத்திருக்கும். இப்போது உனக்கு நடை பழகும் வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போகிறாய், திரும்பி என்னைப் பார்க்கிறாய், பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறாய். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு இருபது வயது. வளர்ந்த பிள்ளைக்குக் கடிதம் எழுதும் வயதா இது என்று நீ கேட்கலாம். ஆனால் நடந்ததை நான் இப்போதே எழுதி வைக்காவிட்டால் மற்றவர்கள் அதை வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் நடந்தது என்று தோன்ற ஆரம்பித்துவிடும். இப்போதே சில நாட்களில் அப்படித் தோன்றுகிறது.

ஒருநாள் அவர்கள் உன்னிடம் வருவார்கள். கையில் சலங்கையும் சுருட்டும் கொண்டு வருவார்கள். முனீஸ்வரர் உனக்குள்தான் இருக்கிறார், வந்து ஆடு என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள்தான். அன்று நீ என்ன பதில் சொல்வாய் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் பதிலை நான் எழுதித் தர முடியாது. நான் கண்ணால் பார்த்ததையும், ஒரு டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். என் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டபோது வீட்டில் நின்றேன். அவர் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு நான் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மற்றவர்களுக்குத் தெரிந்த பாடம் எனக்குத் தெரியாமல் வகுப்பில் உட்கார வெட்கமாக இருந்தது. ஆசிரியர் என் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. அப்படியே நின்றுகொண்டிருப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். பதினெட்டு வயதில் கல்யாணமாகி சுங்கை சிப்புட்டுக்கு வந்தேன். உன் அப்பா தஞ்சோங் மாலிம் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் நான், உன் தாத்தா, உன் அத்தை மட்டும். அத்தை என்னை ‘ஊமச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அதில் கோபம் இருக்காது. சாப்பிடக் கூப்பிடுவதும் அதே பெயரில்தான்.

உன் தாத்தாவைப் பற்றித் தெரிந்தால்தான் மற்றது புரியும். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்ச் செம்பனை போட்ட பிறகு ஈப்போ பக்கம் ஒரு கல்லுமலையில் வேலைக்குப் போனார். மலைக்கு வெடி வைக்கும் வேலை. அங்கேதான் இரண்டு காதும் போயின. பக்கத்தில் நின்று கத்தினால் வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில், ஆற்றோரக் கோயிலில் உறுமி மேளம் அடித்தால், அவர் மேல் முனீஸ்வரர் வருவார். அந்த உறுமியை அவர் காலால் கேட்கிறார் என்று உன் அப்பா சொல்வார். தரை அதிர்வது அவருக்குத் தெரியுமாம். நமக்கு முனி ராத்திரிச் சாமி இல்லை. நிழல் காலடியில் ஒடுங்கும் நேரத்தில், செம்பனை ஓலைகூட அசையாதபோது நடக்கிற சாமி. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நேரத்தில் துணி காயப்போடக்கூட நான் வெளியே போக மாட்டேன்.

அந்தச் சாமி முதலில் இங்கே இல்லை. பழைய தோட்டத்தில் ஒரு மரத்தடியில் இருந்தார். தோட்டம் கைமாறியபோது கோயிலை எடுக்கச் சொன்னார்கள். கல்லை மஞ்சள் துணியில் சுற்றி லாரியில் கொண்டுவந்தார்கள். சாமியைப் பின்னால் மூட்டையோடு மூட்டையாக வைக்கலாமா என்று பெரிய சண்டை நடந்ததாம். கடைசியில் டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார வைத்து, தாத்தா பின்னால் கோயில் கூரைத் தகரத்தோடும் மணியோடும் ஏறிக்கொண்டார். அந்த முன் சீட்டை நினைவில் வைத்துக்கொள். இப்போது கோயில் நம் தாமான் வீடுகள் முடிகிற இடத்தில், சின்னப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பாலம்தான் சாமியின் எல்லை. தாண்டிப் போகிற லாரிகள் எல்லாம் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகும்.

நீ பிறந்த முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட பிறகு முதல் முறையாக உன்னைக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். தாத்தா கத்தி மேல் நின்றுகொண்டிருந்தார். வாயில் சுருட்டு. ஒவ்வொருவராக விபூதி வாங்கிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தபோது அவர் கத்தியிலிருந்து இறங்கினார். சுருட்டை எடுத்து வேறொருவர் கையில் கொடுத்தார். குனிந்து, உன் சட்டையை விலக்கி, நெஞ்சில் காதை வைத்தார். உறுமி நின்றுவிட்டது. நீ அழவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார். அவர் மூச்சின் சூடு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு தலையைத் தூக்கி, “உள்ள காத்து போகுது. கதவு சாத்தல” என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. உன் அத்தைதான் தைரியமாகக் கேட்டார்: “எந்தக் கதவு சாமி?”

“நான் சாத்தறேன். இது என் பிள்ள. மொட்ட போடற வரைக்கும் என் எல்லைய தாண்டக் கூடாது.”

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் கேட்டோம். அவருக்கு எதுவும் நினைவில்லை. நான் உன் நெஞ்சைக் காட்டி, காதைக் காட்டி, ஜாடையில் கேட்டேன். அவர் சிரித்து, “எனக்கு எங்கமா காது கேக்குது” என்றார்.

அதன் பிறகு நீ தேறவில்லை. பால் குடிக்கும்போது உன் நெற்றி வியர்க்கும். பாதியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு விட்டுவிடுவாய். விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுக்கும். தாமான் கிளினிக்கில் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மிஸி உன்னை நிறுத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் குழாயை வைத்தார். மலாய்க்கார நர்ஸ் அம்மா, நன்றாகப் பேசுகிறவர். அன்று பேச்சை நிறுத்திவிட்டார். குழாயை மேலே, கீழே, முதுகில் என்று மாற்றி மாற்றி வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாக, “அடா புஞ்ஞி, டெக்” என்றார். சத்தம் இருக்கிறது, தங்கச்சி என்று அர்த்தம். என்ன சத்தம் என்று கேட்டேன். காற்று அடிப்பது போல என்றார். சாமி சொன்னதும் காற்றுதான். அந்த வெயிலில் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பெரிய டாக்டரைப் பார்க்க ஈப்போவுக்கு உடனே போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை உன் அப்பா வந்தார். அன்று நம் வீட்டில் நடந்த பேச்சை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் முட்டாள்தனமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

“பாத்தியா, சாமி சொன்னதத்தான் மிஸியும் சொல்லிருக்கு,” என்றார் அத்தை. “மிஸிக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருச்சு. சாத்தறேன்னும் சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு லா ஈப்போ?”

“ஸ்கேன் மட்டும் எடுத்துப் பாத்துட்டு வந்துரலாம் கா,” என்றார் உன் அப்பா.

“எல்லைய தாண்டாதன்னு சொன்னது உன் காதுல விழலையா? அப்பாவுக்குத்தான் காது போச்சு, உனக்குமா?”

உன் அப்பா என்னைப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு திருகு சரியாக ஏறவில்லை என்றால் வண்டியை அடுத்த ஆளுக்கு விடாதவர் அவர். ஆனால் தன் அப்பாவின் வாயிலிருந்து வந்த வாக்கை மீற அவரால் முடியவில்லை. “திருவிழா வந்துருச்சுல. மொட்ட போட்டுட்டுப் போலாம்,” என்றார். திருவிழாவுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். உனக்குப் பால் கொடுக்க ஒவ்வொரு முறை உட்காரும்போதும் உன் நெற்றியில் வியர்வை பூப்பதைப் பார்த்துக்கொண்டே பல நாள் இருந்தேன். ஒருநாள் மத்தியானம் நீ பாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். உதட்டோரம் நீலமாக இருந்தது. அழக்கூட உனக்குத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாத்தா மேல் சாமி வந்ததும், உன்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நில்லாமல் நேராக அவர் முன்னால் போய் நின்றேன். உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்தினார். பள்ளியில் எழுந்து நின்றது போலவே நின்றுகொண்டிருந்தேன்.

“கொஞ்சம் சத்தமா கேளு ஊமச்சி, சாமி உன்கிட்ட கெஞ்சிட்டு இருக்க மாட்டாரு,” என்றார் அத்தை. சிலர் சிரித்தார்கள்.

எனக்குச் சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது. “சாமி, நீங்களும் பழைய தோட்டத்து எல்லைய தாண்டித்தானே வந்தீங்க. லாரியில வந்தீங்க. எம்புள்ள கார்ல போகக் கூடாதா?” என்று கேட்டேன்.

தாத்தாவின் கண்கள் மூடியிருந்தன. என் வாயசைவை அவர் பார்க்கவில்லை. சுருட்டுப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும். பிறகு அவர் முகம் தளர்ந்தது. அடித்த பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது ஒரு தகப்பனின் முகம் மாறுமே, அப்படி.

“அப்ப நானும் வாரேன்,” என்றார். “எனக்கு இடம் விடு.”

உன் அப்பா லீவு போட்டார், மறுநாள் காலையில் கிளம்பினோம். அத்தை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, “அன்னிக்கு முன்னாடிதானே உக்காந்து வந்தாரு, முன் சீட்ல யாரும் ஏறாதீங்க” என்றார். அதனால் உன் அப்பா ஓட்ட, நாங்கள் மூவரும் உன்னை வைத்துக்கொண்டு பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம். முன் சீட்டில் ஒன்றும் இல்லை. பை இல்லை, தண்ணீர்ப் போத்தல் இல்லை. நான் பார்த்தேன். பாலத்துக்கு வந்ததும் உன் அப்பா வழக்கம்போல ஒரு ஹார்ன் அடித்தார். பாலத்தின் மேல் கார் ஏறியது. அப்போது டிங், டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது.

“என்னடா அது சத்தம்?” என்றார் அத்தை.

“பெல்ட் போடலனா கத்தும் கா. முன்னாடி ஆள் உக்காந்தா மட்டும்தான்...” என்று தொடங்கிய உன் அப்பா அந்த வார்த்தையோடு நிறுத்திவிட்டார். கொஞ்ச தூரம் போனபின், “சென்சார் ரோசாக் ஆயி கெட்டுப் போயிருக்கும் லா. பழசுதானே,” என்றார். மணி நிற்கவில்லை. வேகம் கூடக் கூட அதுவும் வேகமாக அடித்தது. தாத்தாவுக்கு மட்டும் அது கேட்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். உன் அப்பா ஓரமாக நிறுத்தினார். கை நீட்டி, அந்தக் காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. ஈப்போ நெருங்கியது. சுண்ணாம்பு மலைகள் வந்தன. வெட்டுப்பட்ட மலையின் வெள்ளை முகம் தெரிந்தபோது தாத்தா மட்டும் அதைக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் கார் நின்றதும் உன் அப்பா சுற்றி வந்து முன் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டார். நான் பார்ப்பதைப் பார்த்து, “இறங்கணும்ல,” என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

டாக்டர் ஒரு சிலோன் தமிழர். நரைத்த முடி. நெற்றியில் கோடு போல விபூதி. உன்னை ஸ்கேன் எடுத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தாளில் இதயத்தைப் படம் வரைந்தார். எத்தனாவது வரை படித்தாய் என்று கேட்கவில்லை. “பிள்ளை வயித்துக்குள்ள இருக்கேக்க மூச்சு விடாது. அதால ரத்தம் சுவாசப்பைக்குப் போகாமல் திரும்ப ஒரு சின்ன வழி இருக்கும். பிறந்த உடன அது தானா மூடவேணும். உங்கட மகனுக்கு மூடயில்லை,” என்றார்.

கதவு, என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்னுடைய உதடு நீலமான பிறகு வெட்கம் எங்கோ போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. உன் நெஞ்சில் என் உள்ளங்கையை எடுத்து வைத்தார். பூனை உறுமுவது போல உள்ளே அதிர்ந்தது. “இதைப் பாத்தீரா? காது கேக்காத ஆளுக்கும் கன்னத்தில இது தெரியும். வெடி வைச்சு, உறுமி கேட்டுப் பழகின மனுசன். அதிர்வு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்.”

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது மகனே. இருட்டு அறையில் ஒருவர் வந்து விளக்கைப் போட்டது போல. பிறகு கேட்டேன்: “எத்தனையோ பிள்ளைகளுக்கு விபூதி பூசினாரு. இவனுக்கு மட்டும் ஏன் டாக்டர் குனிஞ்சு காத வச்சாரு?”

அவர் பேனாவை மூடினார். “அது எனக்குத் தெரியாது, அம்மா,” என்றார்.

அன்றே உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். உன் தொடை ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை விட்டு, கம்பி வலையால் பின்னிய சின்ன மூடி ஒன்றைக் கொண்டுபோய் அந்த வழியை அடைத்தார்கள். அது உன் உடம்பில் இன்றும் இருக்கிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. அடைப்பதற்கு முன்னாலும் பின்னாலும் டாக்டர் குழாயை என் காதில் மாட்டிக் கேட்கச் செய்தார். முன்னால், செம்பனைக் காட்டில் மழைக்கு முன் காற்று வரும் சத்தம். ஓயாமல். பின்னால், லப் டப், லப் டப். அவ்வளவுதான். நான் அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பியபோதும் முன் சீட்டைக் காலியாக விட்டோம். உன் அப்பா வேண்டுமென்றேதான் பெல்ட்டை மாட்டவில்லை. வழி முழுவதும் நாங்கள் காது கொடுத்துக்கொண்டே வந்தோம். மணி அடிக்கவில்லை. பாலம் வந்தது. ஹார்ன் அடித்தார். அப்போதும் இல்லை. அத்தை மெல்ல, “அவரு வரல,” என்றார். பிறகு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்தார். அப்படி அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் தாத்தா மேல் சாமி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சலங்கை கட்டிக்கொண்டு நிற்பார். உறுமி அடிப்பார்கள், கை வலிக்கும்வரை அடிப்பார்கள். அவர் வெறும் கிழவராக வெயிலில் நின்று வியர்ப்பார். திருவிழாவிலும் அப்படித்தான். உனக்கு மொட்டை போட்ட அன்று அத்தைதான் முதலில் அதைச் சொன்னார்: “கதவ சாத்தும்போது சாமி உள்ள இருந்திருக்காரு. உள்ளயே இருந்துட்டாரு.” மாலைக்குள் தாமான் முழுக்க அந்தப் பேச்சு போய்விட்டது. இப்போது லாரிக்காரர்கள் கோயிலில் ஹார்ன் அடித்துவிட்டு, நம் வீட்டு வாசலிலும் ஒரு ஹார்ன் அடிக்கிறார்கள். நீ கை தட்டுகிறாய்.

தாத்தா தினமும் உச்சி வேளையில் வந்து நீ தூங்கும்போது உன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருநாள் ஜாடையில் கேட்டேன், என்ன இருக்கிறது என்று. “கேக்குது” என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். லப் டப் மட்டும்தான். அவர் எழுந்து போன பிறகும் உன் சட்டையில் சுருட்டு வாசனை இருக்கும். அது அவர் மேலிருந்து ஒட்டியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சுருட்டு பிடிப்பது சாமி வந்தால் மட்டும்தான். சாமி வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

போன வாரம் அத்தை உன் காலுக்கு அளவாகச் சின்னச் சலங்கை செய்துகொண்டு வந்தார். நடக்கப் பழகும்போதே கட்டிவிட்டால் நல்லது என்றார். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். “அவன் கேக்கட்டும் அண்ணி,” என்றேன். அத்தை “ஊமச்சிக்கு வாய் வந்துருச்சு டா,” என்று உன் அப்பாவிடம் சொன்னார். ஆனால் திரும்பக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அந்தச் சலங்கையோடுதான் வைக்கப்போகிறேன்.

நீ ஆட வேண்டும் என்றோ ஆடக் கூடாது என்றோ நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டால் சாமி குத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் கேட்டேன், கோபம் வரவில்லை. டாக்டரிடம் தெரியாததைக் கேட்கவும் வெட்கப்படாதே. அவருக்கும் கோபம் வரவில்லை, தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். யார் உன்னைச் சாமி என்று கும்பிட்டாலும் வருஷா வருஷம் செக்கப்புக்குப் போ. உன் படிப்பு வளர்ந்து, தாத்தா செய்ததெல்லாம் வெறும் அதிர்வு என்று புரிகிற நாள் வந்தால், அவரைப் பார்த்துச் சிரிக்காதே. அந்த அதிர்வை அவருக்கு முன்னால் வேறு யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

நாளை காலையில் உன்னைச் செக்கப்புக்கு ஈப்போவுக்குக் கொண்டுபோகிறோம். உன் அப்பா தொழிற்சாலையில் தெரிந்த ஒருவரை விட்டு அந்த சென்சாரைக் கழற்றிச் சோதித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லையாம். முன்பும் இருந்திருக்காது என்றாராம் அவர். உன் அப்பா அன்றிலிருந்து அந்த முன் சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. எங்கே போனாலும் முதலில் அந்தக் காலி சீட்டுக்குப் பெல்ட் மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நீ பின்னால் என் மடியிலிருந்து அதை எட்டிப் பார்த்துச் சிரிப்பாய். குழந்தைகள் எதைப் பார்த்தும் சிரிக்கும்.

இந்தக் காரோ வேறு காரோ, முன் சீட்டில் உட்காரும் வயது உனக்கும் வரும். அந்தப் பெல்ட் அப்போதும் மாட்டியே இருக்கும். நாங்கள் யாரும் அதைக் கழற்றித் தர மாட்டோம். எங்களுக்குத் தைரியம் போதாது. நீயே கழற்று. வேண்டுமானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கழற்று. உட்கார்ந்ததும் மறக்காமல் திரும்ப மாட்டிக்கொள்.

உன் அம்மா